நாற்பத்திரண்டாம் நம்பர்

உட்கார நாற்காலி குடுத்தீங்க, சந்தோஷம் சார். பத்தொன்பது வருஷமா மெஷின் முன்னாடி நின்னே பழகிட்டேன். உட்கார்ந்தா தான் முதுகு வலிக்குது.

நாங்க அட்டைப்பெட்டி செய்யறோம். ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு ஆள் ஓவர்டைம் வந்து, வெட்டு மெஷினைத் துடைச்சு, திங்கட்கிழமைக்குத் தயார் பண்ணணும். கட்டாயம் இல்லை, இஷ்டம்தான். ஆனா சீனியாரிட்டி வரிசையில தான் கேப்பாங்க. முதல் ஆள் தாள்ல 'வேண்டாம்'னு கையெழுத்துப் போட்டா தான் அடுத்தவனுக்கு வரும். ஞாயித்துக்கிழமை வந்தவன் தான் வாரம் முழுக்க அந்த மெஷினுக்கு ராஜா. மத்தவன் எல்லாம் எடுபிடி.

வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு நானும், என்னைவிட வயசுல மூத்தவர் ஒருத்தரும் ஒண்ணா தான் நின்னோம். "தம்பி, பேனா இருக்கா?"ன்னார். குடுத்தேன். அவர் முதல்ல கையெழுத்துப் போட்டார், நாற்பத்தொண்ணு. நான் நாற்பத்திரண்டு. வெட்டு மெஷின் வரிசையில எங்களுக்கு முன்னாடி வேற யாரும் இல்லை. பேனா என்னோடது சார்.

அன்னியிலேர்ந்து அவர் ஒரு ஞாயிறு விட்டதில்லை. காய்ச்சல்னாலும் போர்வையைப் போர்த்திக்கிட்டு வந்து நிப்பார். என்னைவிட வேலை தெரிஞ்சவர்னு யாரும் சொல்ல மாட்டாங்க. சங்கத்துல போய் முறையிட்டேன். செயலாளர் டீயைக் குடிச்சுக்கிட்டே, "வரிசைன்னா வரிசை தான்பா"ன்னார். மூணு மனு எழுதினேன், கிணத்துல போட்ட கல்லு மாதிரி கிடக்குது. எனக்கு வயிறு எரிஞ்சுது. இப்பவும் எரியுது.

அந்த மெஷினோட கதவைத் திறந்தா கத்தி தானா நின்னுடும். அதுக்குன்னு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு. போன சனிக்கிழமை சாயந்திரம், நிக்காதபடி அதைக் கம்பியால கட்டினேன். ரெண்டு விரல் போகும்னு கணக்குப் போட்டேன். அதுக்கு மேல நினைக்கலை. ரெண்டு விரல் போனா கேட்ல உட்கார்ற வேலை குடுப்பாங்க. அவருக்கும் வயசாச்சு.

நான் மெஷினுக்குப் பின்னாடி குனிஞ்சிருந்தப்போ சூப்பர்வைசர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், ரெண்டு தடவை. கையில கம்பி. எப்படிக் குரல் குடுப்பேன்?

ஆஸ்பத்திரியில தான் விஷயம் தெரிஞ்சுது. அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் தாள் வந்தப்போ, மறுநாளுக்கு அவர் 'வேண்டாம்'னு போட்டிருக்கார். "அந்தப் பயலுக்குக் குடுங்க, ரொம்ப வருஷமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான்"னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டார். என்னைத் தேடிப் பார்த்துட்டு, சூப்பர்வைசர் நாற்பத்திமூணைக் கேட்டிருக்கார். நாற்பத்திமூணு என் தங்கச்சி புருஷன். நான் தான் அவரை அங்கே சேர்த்து விட்டேன். மாப்பிள்ளை எதைக் கேட்டாலும் சரின்னுடுவார்.

ரெண்டு கையும் மணிக்கட்டோட போச்சு. தங்கச்சி தான் இப்போ ஊட்டி விடறா. "அண்ணா, நீ மட்டும் அங்கே இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"ன்னு என் தோள்ல சாஞ்சு அழுதா. எனக்கும் அழுகை வந்துது.

கம்பியைக் கட்டினது நான் தான், எழுதிக்கோங்க. ஆனா இதையும் எழுதுங்க சார். கூப்பிட்டுப் பார்த்தா மட்டும் போதாது, கையெழுத்து வாங்கணும், அது தான் சட்டம். தாள்ல என் பேருக்கு நேரா இன்னும் காலியா தான் இருக்கு. முறைப்படி எங்கிட்ட நீட்டியிருந்தா, நானும் 'வேண்டாம்'னு போட்டுக் குடுத்திருப்பேன். மாப்பிள்ளைக்கு அது ஒழுங்கான வழியில போய்ச் சேர்ந்திருக்கும்.