பதிமூணாவது நாற்காலி

– முடியாதுன்னா முடியாது மாமா. இன்னிக்கு நீங்க கண்ணாடியக் கழட்டினாலும் சரி, கண்ணையே கழட்டினாலும் சரி, என் கை மேல போகாது.

– மெதுவாப் பேசு மச்சான்! இது நகரசபை சேர்மன் ரூம், உன் டப்பிங் தியேட்டர் இல்ல. சுருக்கமா சொல்றேன், கேளு. ரெண்டு வருஷமா மீட்டிங்ல நான் கண்ணாடியக் கழட்டினா நீ கையத் தூக்குற. தெருவுக்கு ஒரு பொதுக் கார்னு வந்தப்போ தூக்கின. குப்பைய எடை போட்டுத்தான் வாங்கணும்னு வந்தப்போ தூக்கின. லிஃப்ட வாரத்துல மூணு நாள் நிறுத்தணும்னப்போ குறட்டை விட்டுக்கிட்டே தூக்கின. இன்னிக்கு மட்டும் என்ன, கையில சுளுக்கா?

– அதெல்லாம் சில்லறை விஷயம். இது ஏரி.

– முழு ஏரி இல்லடா. வடக்குப் பக்கம், மூணுல ஒரு பங்கு. அத மட்டும் மூடுறோம்.

– சும்மா ஒரு சந்தேகம் மாமா. உங்க மூக்குல மூணுல ஒரு பங்க எடுத்துட்டா, மிச்சத்த மூக்குன்னு சொல்லுவாங்களா?

– கிண்டலா? மூடுற எடத்துல என்ன வருதுன்னு ஃபைலப் படிச்சியா? பசுமை வணிக வளாகம். எட்டு மாடி. மாடிக்கு மாடி செடி, கொடி, பறவைக் கூண்டு...

– படிச்சேன். தண்ணிய மண்ணப் போட்டு மூடிட்டு, அதுக்கு மேல தொட்டியில செடி வைப்பாராம். அந்தச் செடிக்குத் தண்ணி வெளியூர்லேர்ந்து லாரியில வருமாம். முப்பத்தோராம் பக்கம். அதக் கட்டப்போற உங்க சம்பந்தி மூளைய எந்தக் கடையில ரிப்பேருக்குக் குடுத்திருக்காரு?

– டேய்! சம்பந்தியப் பத்தி மரியாதையாப் பேசு. என் பொண்ணு வாழப்போற வீடு அது. அவரு தங்கமான மனுஷன்.

– தங்கம்தான், யாரு இல்லன்னா? அதான் அந்தக் கனம். எங்க உக்காந்தாலும் அந்த எடம் அமுங்கிப் போகுது.

– வாயக் கழுவு! மணி அடிக்கப் பத்து நிமிஷம்தான் இருக்கு. சுருக்கமா சொல்றேன். பன்னெண்டு பேர்ல என்னையும் சேத்து ஆறு பேர் மூடலாம்ங்கிறாங்க, ஆறு பேர் கூடாதுங்கிறாங்க. நான் மூடலாம் பக்கம், அது ஊருக்கே தெரியும். பதிமூணாவது ஓட்டு உன்னோடது. அதுதான் முடிவு.

– அங்கதான் தப்புப் பண்றீங்க. அது என்னோடதே இல்ல. சட்டம் என்ன சொல்லுது? ஒவ்வொரு நகரசபையிலயும் பதிமூணாவது நாற்காலி, இன்னும் பொறக்காதவங்களுக்கு. நூறு வருஷம் கழிச்சு இந்த ஊர்ல இருக்கப்போறவனுக்காக ஒருத்தர் நீலக் கோட்டப் போட்டுக்கிட்டு உக்காரணும், அவனாவே பேசணும். நான் வெறும் குரல் மாமா. ஓட்டு அவனோடது.

– அந்தக் கோட்டுக்குள்ள உன்னப் புடிச்சுத் திணிச்சதே நான்தான்! பொறக்காதவனுக்குப் பேசினா பொறந்தவன் அடிப்பான்னு ஊர்ல ஒருத்தனும் முன்வரல. நீ அப்போ என்ன பண்ணிக்கிட்டிருந்த? கார்ட்டூன் படத்துல வாத்துக்குக் குரல் குடுத்துக்கிட்டு, எங்க வீட்டு மாடி ரூம்ல மத்தியானம் வரைக்கும் தூங்கிக்கிட்டு இருந்த.

– அந்த வாத்துக்கு எத்தனை ரசிகர்கள் தெரியுமா?

– வாத்துக்கு இருக்கும். உனக்கு?

– சரி, நல்லா வாங்கிக்கிட்டேன். ஆனா ஒண்ணு கேளுங்க. யாருக்குக் குரல் குடுத்தாலும் நான் முதல்ல யோசிக்கிறது முகத்த இல்ல, தொண்டைய. என்ன சாப்பிடுறான், என்ன குடிக்கிறான், யாரைப் பாத்துக் கத்துறான், எல்லாம் தொண்டையில இருக்கும். போன வாரம் ஏரிக்கரையில போய் உக்காந்து, நூறு வருஷம் கழிச்சு வரப்போற ஆளுக்கு என்ன குரல்னு தேடினேன்.

– வேலைவெட்டி இல்லாதவன். கெடச்சுதா?

– ரெண்டு கெடச்சுது. ஏரி இருந்தா, நம்மள மாதிரியேதான் பேசுறான். வளவளன்னு, ஒண்ணுமில்லாத விஷயத்த அரை மணி நேரம். சிரிப்பு பொசுக்குன்னு வருது. உங்களையும் என்னையும் அவனுக்குத் தெரியவே தெரியாது.

– அது நல்லதுதானே.

– ரொம்ப நல்லது. ஏரி இல்லன்னா, அந்தக் குரல் வேற மாதிரி. வார்த்தைய எண்ணி எண்ணிப் பேசுறான், வாய் உலர்ந்துடும்னு. அவனுக்கு நம்ம பேரெல்லாம் தெரியுது மாமா. கையத் தூக்கின அத்தனை பேரோட பேரும். வரிசையாச் சொல்றான்.

– ...என்னைய என்ன சொல்றான்?

– உங்களக் கொஞ்சமாத்தான் சொல்றான். உங்க சம்பந்திக்கு வரும்போதுதான் ராகம் போட்டு இழுக்குறான். அத அப்படியே பேசிக் காட்டவா?

– வேண்டாம்! வேண்டவே வேண்டாம்! ஜன்னல் தெறந்திருக்கு!

– அப்ப சாதாரணக் குரல்லயே கேக்கிறேன். பதினாலு வருஷம் முன்னாடி இந்த ஊரே குடத்தத் தூக்கிக்கிட்டுத் தண்ணி லாரி பின்னாடி ஓடுச்சு. நீங்களும் ஓடினீங்க, ஒத்தச் செருப்போட. அப்புறம் ஞாயித்துக்கிழமை தவறாம எல்லாரும் ஏரியில எறங்கிச் சேத்த வாரினோம். டாக்டரும் வாரினாரு, வக்கீலும் வாரினாரு. அஞ்சாவது வருஷம் கொக்கு வந்துச்சு. இப்ப ஊர்ல ஒரு லாரி கெடையாது. அந்த லாரிய நாமளே வெத்தல பாக்கு வச்சு மறுபடி கூப்பிடணுமா?

– நியாயந்தான்டா. நான் இல்லேங்கல. ஆனா என் நெலமையப் பாரு. அடுத்த மாசம் உன் அக்கா மக கல்யாணம்.

– மருமகள என் தோள்ல போட்டு வளத்தவன் நான். பையன் நல்ல பையன், ரெண்டு பேருக்கும் புடிச்சிருக்கு. நடுவுல ஏரி எங்கேர்ந்து வந்துச்சு? ஏரிய மூடலன்னா கல்யாணத்த நிறுத்திடுவேன்னு அந்த மனுஷன் சொன்னாரா?

– சீச்சீ! அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலேர்ந்து வந்ததே இல்ல. அவ்வளவு அல்பமான ஆளா அவரு? நானாத்தான் பயந்து சாகுறேன். பொண்ணப் பெத்தவன் பயம் உனக்கு எங்க புரியப்போகுது?

– எனக்குப் புரியுது. அந்தப் பொறக்காதவன் உங்க பொண்ணோட பேத்தியாவும் இருக்கலாம்னு உங்களுக்குத்தான் புரியல.

– இப்படிப் பேசித்தான் உங்க அக்காவ ஏமாத்தி வச்சிருக்க. கடைசியாச் சொல்றேன். கையத் தூக்கலன்னா இன்னிக்கு சாயங்காலமே மாடி ரூம காலி பண்ணு.

– பண்ணிட்டாப் போச்சு. மணி அடிக்குது பாருங்க. கோட்டக் குடுங்க.

– குடுக்க மாட்டேன். கோட்டு இல்லாம உன் ஓட்டு செல்லாது.

– இழுக்காதீங்க மாமா, கிழியும்! பொதுச் சொத்து!

– உன் கால்ல வேணா விழுறேன்டா. இந்தா, விழுந்துட்டேன். சேர்மன்டா நான்! இந்த ஒரு தடவை, என் சம்பந்தி மகராசன் முகத்துக்காக!

– எந்திரிங்க, சட்டையெல்லாம் தூசி. பொறக்காதவன் கால்ல விழுந்து என்ன பிரயோஜனம்? அவனுக்கு இன்னும் காலே வரல. நான் வரேன்.

– மச்சான்! டேய்! நில்லுடா! போயிட்டானே... கதவ அறைஞ்சிட்டுப் போயிட்டானே! சம்பந்தி... ஹலோ சம்பந்தி, லைன்ல இருக்கீங்களா?

– இருக்கேன் சம்பந்தி. ஃபோன அணைக்காம மேஜை மேல வச்சிட்டுப் பேசுங்கன்னு சொன்னதே நான்தானே. ஒரு வார்த்தை விடாமக் கேட்டேன். மூளை ரிப்பேர் உட்பட.

– மன்னிச்சிடுங்க. கெஞ்சினேன், மெரட்டினேன், மானத்த விட்டு விழுந்தும் பாத்துட்டேன். என்னால முடிஞ்சது... அவ்வளவுதான்... ஐயோ...

– அழாதீங்க சம்பந்தி. நீங்க தரையில விழுந்த சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. நீங்க மனசார முயற்சி பண்ண மாட்டீங்கன்னு நான் சந்தேகப்பட்டேன் பாருங்க, அதுக்கு நான்தான் வெக்கப்படணும். கல்யாணம் கல்யாணந்தான். அதையும் ஏரியையும் முடிச்சுப் போட நான் என்ன அல்பமா? பழைய பஸ் டிப்போ காலியாத்தான் கெடக்கு, கட்டடத்த அங்க கட்டிக்கிறேன். நீங்க மீட்டிங்குக்குப் போங்க.

– உங்க மனசு... உங்க மனசு இருக்கே... என்னால பேச முடியல சம்பந்தி... வச்சிடுறேன்...

– ஃபோன வச்சிட்டீங்களா மாமா? நான் இங்கேயே நின்னு வாயால அறைஞ்ச கதவுச் சத்தம் வரைக்கும் எல்லாம் அச்சுப் பிசகாமப் போச்சு. ஆனா இந்த அழுகை, சம்பந்தி கேக்கணும்னு நாம உக்காந்து எழுதின நாடகத்துலயே இல்லையே?