பழந்தோலின் கண்ணியம்

— மார்க் கடைசிப் பக்கத்துல இருக்கும்மா. நான் வரிசையாத்தான் படிப்பேன்.

— சீக்கிரம் அத்தை. வெளியில நின்னு நின்னு எனக்குக் காலே போச்சு.

— பீர் காய்ச்சினவ உள்ளே வரக்கூடாதுன்னு நடுவரோட சட்டம், நான் என்ன பண்றது? அவர் எழுதிக் குடுத்ததைக் கேளு. "முதல் மிடறில் பழந்தோலின் கண்ணியம்."

— அப்படின்னா?

— மழையில நனைஞ்ச செருப்பு.

— ஐயோ.

— "நடுவே, உறங்கும் கானகத்தின் மூச்சு." அது பீப்பாய்ப் பலகை. "இறுதியில் தீயின் மென்மையான மன்னிப்பு."

— தீஞ்சுபோச்சுங்கறாரா?

— லேசா. அடிப்பிடிச்ச பால் மாதிரி. ஆனா வழிச்சுத் தின்னத் தோணுற அடிப்பிடிப்பு.

— பக்கத்தைத் திருப்புங்க. ஒன்பதுக்குக் கீழே போனா பன்னெண்டு பீப்பாயும் விறகுக்குன்னு போன மாசமே சொல்லிட்டீங்க. பதினாலு மாசம் ஓக் மரத்துல ஊறின பீரு அத்தை இது.

— சொன்னேன்தான். கொட்டகை காலியானா காரை உள்ளே விடலாமே.

— அது சரி, அவர் எழுதினதுக்கெல்லாம் உங்களுக்கு எப்படி டக்குடக்குன்னு அர்த்தம் தெரியுது?

— நான் சொன்னதுதானே.

— எது?

— செருப்பு, பலகை, பாலு. அவர் அதுக்குப் பட்டுச்சட்டை போட்டுவிட்டார், அவ்வளவுதான். காலி கிளாஸை மோந்துட்டு கண்ணை மூடி "அபாரம்"னார். அப்ப நான் இன்னும் பீரை ஊத்தவே இல்லை.

— என்னது?

— நாலு நாளா ஜலதோஷமாம். அவர் கழுத்துல சுத்தியிருந்த மப்ளரை நான்கூட ஸ்டைல்னு நினைச்சேன். மூக்கும் நாக்கும் செத்துக் கிடக்குதாம். வெளியில தெரிஞ்சா பேரு கெட்டுடும், நீங்களே குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்கம்மான்னு கெஞ்சினார்.

— பீர் வாசனை வந்தாலே ஜன்னலைச் சாத்துவீங்களே!

— அதான், ஒரு வாய்க்கு மேலே வேண்டாம்னேன். அப்புறம் மூணு கிளாஸ் ஆயிடுச்சு.

— போச்சு. மார்க்கும் நீங்கதான் போட்டீங்களா?

— பத்துக்கு எவ்வளவு போடலாம்னு கேட்டார். யோசிச்சுத்தான் சொன்னேன்.

— குடுங்க அந்தப் பேப்பரை... ஒன்பதரை. அத்தை, ஒன்பதரையா? அப்ப போட்டியில தங்கப் பதக்கம்!

— மூக்கைத் துடை. பீருக்குத்தான் போட்டேன், உனக்கு இல்லை.

— பிடிச்சிருக்குன்னா அந்த அரை மார்க்கை மட்டும் ஏன் குறைச்சீங்க?

— பின்னே, மாமியார்னு ஒருத்தி எதுக்கு இருக்கேன்?