அகர் போத்தல்

சாப்பாட்டுச் சாமான் பக்கற்றுகளின் பின்பக்கத்தைப் படிக்க நல்ல வெளிச்சம் வேண்டும், ஐயா. எழுத்து அவ்வளவு சின்னது.

அந்த எழுத்தை நான் எட்டு வருடம் படித்தேன். என் தம்பி மதுசன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். திரியாயில் காணி துப்புரவாக்கப் போனபோது உண்ணி கடித்தது. அதிலிருந்து ஆடு, மாடு, பன்றி எதுவும் அவனுக்கு ஆகாது. சாப்பிட்டு நாலைந்து மணித்தியாலம் கழித்து உடம்பு தடித்து மூச்சு முட்டும். இறைச்சியை விடுவது சுலபம். ஆனால் சூப் கட்டியில் மாட்டுக் கொழுப்பு இருக்கும். யோகட்டில், மாட்டுத் தோலிலும் எலும்பிலும் எடுக்கிற ஜெலற்றின் இருக்கும். கடைக்காரர் சலித்துக்கொள்ளும்வரை நின்று படிப்பேன். நான் தலையாட்டினால்தான் தம்பி வாயில் வைப்பான். அதற்காகவே கலியாணம் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். கேட்டு வந்தவர்களும் குறைவு.

போன ஆவணியில் கஜந்தியைக் கட்டினான். கெட்டிக்காரி. அவனுக்கு ஆகாத சாமான்களின் பெயரெல்லாம் ஒரு மாதத்தில் பாடமாக்கிவிட்டாள். ஒருநாள் நான் வாங்கிவந்த பிஸ்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மச்சாள், இனி நீங்கள் கஷ்டப்படாதேங்கோ, நான் பாக்கிறன்" என்றாள்.

"ஓம் அக்கா, அவ பாத்துக்கொள்ளுவா" என்றான் தம்பி.

இருவரும் சிரித்த முகமாகத்தான் சொன்னார்கள்.

புடிங் செய்ய அவள் அகர் தூள் வைத்திருந்தாள். கடற்பாசியில் எடுப்பது, அவனை ஒன்றும் செய்யாது. போத்தலில் கொட்டி, பக்கற்றின் லேபிளை வெட்டி ஒட்டியிருந்தாள். நான் கிண்ணியாவில், எங்களைத் தெரியாத கடையில், ஜெலற்றின் தூள் வாங்கினேன். அவள் குளிக்கப் போன நேரம் அகரைக் கொட்டிவிட்டு, அதைவிடக் கொஞ்சம் குறுணியான இதை நிரப்பினேன். லேபிளை நான் தொடவில்லை.

கொஞ்சம் தடிக்கும், பயந்துபோவான், பழையபடி என்னிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுவான் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் அவள் செய்த புடிங்கில் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். "நல்லாயிருக்கு அக்கா, நீங்களும் சாப்பிடுங்கோ" என்றான். சாப்பிட்டேன். பிறகு வேலை உடுப்போடு வெளிக்கிட்டு வந்தான். அன்று லீவு என்று நினைத்திருந்தேன்; வேலை நேரத்தை இப்போதெல்லாம் அவளுக்குத்தான் சொல்லுவான். மறித்திருக்கலாம். மறித்தால் காரணம் சொல்லவேண்டும்.

ஆறு மணிக்குக் கிரேனின் உச்சியில் மூச்சு முட்டியிருக்கிறது. கீழே இறக்குவதற்குள் முடிந்துவிட்டது.

கஜந்தியை இரண்டு நாளாக ஸ்டேஷனில் வைத்து விசாரிக்கிறீர்களாம். விட்டுவிடுங்கள். தூளை மாற்றியது நான்தான். அவள் செய்த பிழை, லேபிளை நம்பியது மட்டுமே. நானென்றால் தூளையும் தொட்டுப் பார்த்திருப்பேன். என் தம்பி உயிரோடு இருந்திருப்பான்.