மூன்றாவது வெடி கிடையாது

காப்பியைக் குடித்துவிடுங்கள் மேடம். ஆறிவிட்டால் உங்கள் ஸ்டேஷன் காப்பி கஷாயம் மாதிரி ஆகிவிடுகிறது. எங்கள் தோட்டத்துத் தூளில் அரைக் கிலோ கொண்டுவந்திருப்பேன், ஜீப்பில் ஏற்றிய அவசரத்தில் உங்கள் ஆட்கள் விடவில்லை. அது பரவாயில்லை. துப்பாக்கியைக் குழலைப் பிடித்து மண்வெட்டி மாதிரித் தூக்கினார்களே, அதுதான் எனக்கு வருத்தம். அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்க வேண்டும்.

என் பெயர் பெள்ளியப்பா. வயது அறுபத்தேழு. பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம். இறந்தவர் என் அண்ணன் மேதப்பா. இந்த வாக்குமூலத்தை நானாகக் கேட்டுத்தான் கொடுக்கிறேன். துப்பாக்கிக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தம் இல்லை. அதை நீங்கள் சீட்டு ஒட்டி, ஒழுகுகிற அறையில் லத்திகளோடு சாய்த்து வைத்திருக்கிறீர்கள். இந்த மழைக்கு நான்கு நாளில் துரு பிடித்துவிடும். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ராய்ச்சூர்ப் பக்கம் என்றார்கள். குடகில் எங்கள் வழக்கம் உங்களுக்குப் புதிதாக இருக்கும். ஆண் குழந்தை பிறந்தால் வாசலில் ஒரு வெடி. யாராவது இறந்தால் இரண்டு. இரண்டாவது சத்தம் கேட்டதும் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கூட வெள்ளை உடுத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் பிறந்ததற்கு வெடித்தது இந்த இரட்டைக்குழல்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வெடித்ததும் இதுதான். இடது குழல் மட்டும் கொஞ்சம் இழுக்கும். வயதான வீட்டு மனிதருக்கு ஒரு பிடிவாதம் இருக்காதா, அது மாதிரி.

எங்கள் ஆயுத பூஜையான கைல்போள்து பண்டிகையில் அதற்குச் சந்தனம் தடவிச் செங்காந்தள் பூ சொருகுவது என் வேலை. "கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு இவ்வளவு பதமாப் பூ வைக்கலையே நீங்க" என்பாள் என் மனைவி சீதம்மா. மலை சரிந்த வருடம் வீட்டுக்குள் சேறு புகுந்தபோது, முதலில் துப்பாக்கியை மேட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிறகு அவளைக் கூட்டிப்போக வந்தேன். இதை அவள் ஊரெல்லாம் வேறுமாதிரி சொல்கிறாள். துப்பாக்கி வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். அப்போதிலிருந்து அவள் பிறந்த வீட்டில் இருக்கிறாள். சௌக்கியமாகத்தான் இருக்கிறாள்.

அண்ணன் மூத்தவர். அதனால் துப்பாக்கி அவர் பொறுப்பு. போன வருடம் வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. படுக்கையோடு படுக்கையாக இருந்தார். நான்தான் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டினேன், கஞ்சி ஊட்டினேன். அக்கம்பக்கத்தில் கேளுங்கள், ஒரு குறை சொல்ல மாட்டார்கள்.

போன மாதம் அவருடைய மகள் தேச்சுவும் மாப்பிள்ளை நிரனும் பெங்களூரிலிருந்து வந்தார்கள். ஒன்பதாவது மாடியில் வீடு. நிரன் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியைப் பார்த்தார். வளைத்து வளைத்துப் படம் எடுத்தார். பிறகு, "சித்தப்பா, இதை நிமிர்த்தி வச்சு, குழல்ல ஓட்டை போட்டு வயரை விட்டு, மேல ஒரு குடை மாட்டினா ஹாலுக்கு அருமையான விளக்கு" என்றார்.

அவர்கள் போனதும் அண்ணனிடம் கேட்டேன். "எனக்குக் குடுத்துடேன் அண்ணா."

"உனக்குக் குடுத்து? நீ போனா யாருக்கு? உனக்கும் புள்ள இல்ல, எனக்கும் பையன் இல்ல. தேச்சு வீட்டுல வெளக்காவது எரியட்டும்டா."

"நம்ம அப்பாவோடது."

"அப்பாவே போயிட்டாரு. நீ மொதல்ல உன் பொண்டாட்டியைப் போய்க் கூட்டிட்டு வா. பேச்சுத் தொணைக்குத் துப்பாக்கியா வரும்?"

அண்ணன் கேலிக்காரர். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு நிரன் வந்து துப்பாக்கியை எடுத்துப்போவதாக ஏற்பாடு. புதன்கிழமை நான் இரண்டு தோட்டாக்களை அடுப்புக்கு மேலே பரணில் வைத்து உலர்த்தினேன். மழைக்காலத்தில் எப்போதும் செய்வதுதான். என் வெள்ளை வேட்டியையும் துவைத்துப் போட்டேன். அது அழுக்காக இருந்தது.

வியாழன் காலை எட்டு மணிக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் அசையாமல் படுத்திருந்தார். மூன்று தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. அவருக்கு வலது காது மட்டும்தான் கேட்கும், அன்றைக்கு வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அது எனக்குப் பிறகுதான் தோன்றியது. மூக்கில் விரல் வைத்துப் பார்த்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். கை நடுங்குகிற நேரத்தில் அதெல்லாம் தோன்றுமா? நேராகப் போய்த் துப்பாக்கியை எடுத்தேன், வாசலில் நின்று வானத்தைப் பார்த்து இரண்டு வெடி வெடித்தேன். கை நடுங்கவில்லை, நன்றாகவே வெடித்தேன்.

திரும்பி உள்ளே வந்தால் அண்ணன் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார். காதோரம் கைபேசி. பக்கத்துத் தோட்டத்துக் குட்டய்யா சத்தம் கேட்டு, யார் போனது என்று விசாரிக்க அவருக்கே போன் அடித்திருக்கிறார். "சத்தம் நம்ம வீட்டுலதான். யாருன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லி அண்ணன் வைத்தார். வெடிக்குப் பிறகு அவர் பேசிய இந்த ஒரு பேச்சுதானே உங்களை இவ்வளவு தூரம் வரவழைத்தது.

"யாருக்குடா வெடிச்ச?"

"உனக்குத்தான் அண்ணா."

அவர் பாதி வாயால் சிரித்தார். கோபமே இல்லை. "ரெண்டும் வெடிச்சுதா?"

"வெடிச்சுது."

"இடது குழல்?"

"கொஞ்சம் இழுத்துது."

"அது அப்படித்தான். சரி, வர்றவங்களுக்குக் காப்பியப் போடு. ஆள் இன்னும் போகலன்னு சொல்லு, சிரிச்சுட்டுப் போவாங்க. நிரன் வந்ததும் எடுத்துக் குடுத்துடு. அவன் காத்திருக்க வேணாம்."

என் நிலைமையை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். மேட்டில் ஜீப் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. மழையில் கிழவர்களும் கிழவிகளும் வெள்ளை உடுத்திக்கொண்டு வந்துகொண்டிருக்கிறார்கள். பிறப்புக்கு ஒன்று, சாவுக்கு இரண்டு. தப்பாக வெடித்துவிட்டது என்று சொல்ல மூன்றாவது வெடி எங்கள் வழக்கத்தில் கிடையாது. அந்தத் துப்பாக்கி இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. அதன் கடைசி வெடி பொய்யாகப் போய், அந்த அவமானத்தோடு அது விளக்காக நிற்க வேண்டுமா?

தலையணை பக்கத்தில் இருந்தது. அண்ணன் அதிகம் சிரமப்படவில்லை. ஒரு கைதான் வேலை செய்யும், அதுவும் என் மணிக்கட்டைப் பிடித்ததே தவிர கீறவில்லை. ஜீப் வாசலுக்கு வந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. வந்தவர்கள் யாரும் ஏமாறவில்லை.

இதுதான் நடந்தது. ஒரு குண்டுகூட அவர்மேல் படவில்லை என்று டாக்டரே எழுதியிருக்கிறார். தலையணையை நீங்கள் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியை விட்டுவிடுங்கள்.

என்ன சொன்னீர்கள் மேடம்?

மகளிடமா?

ஆமாம், வாரிசு அவள்தான். நான் உள்ளே இருந்தால் என்னிடம் எப்படித் தருவீர்கள், அதுவும் நியாயம்தான். அவள் ஒரு மனு எழுதிக்கொடுத்தால் போதுமா? நிரன் வெளியே காரில்தான் உட்கார்ந்திருக்கிறாரா?

அப்படியானால் எழுதுகிறவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு திருத்தம் இருக்கிறது. வயதாகிவிட்டது, எனக்கு எல்லாம் சரியாக நினைவில் நிற்பதில்லை. தலையணையை வைத்தது நான்தான். ஆனால் அதை அழுத்தியது என் கை இல்லை, துப்பாக்கியின் கட்டை. இப்போது எனக்கு நன்றாக ஞாபகம் வருகிறது. அடித்து எழுதச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொலை செய்த ஆயுதத்தைக் கோர்ட்டு யாருக்கும் கொடுக்காது, இல்லையா? ஓட்டை போடவும் விடாது.

மாதம் ஒரு தடவை அதற்கு எண்ணெய் போடச் சொல்லுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டாம், துப்பாக்கி எண்ணெயே. அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.