இருக்கட்டும், பின்னாடி உதவும்

— சுடாதீங்க! ஏங்க, சுடாதீங்கன்னு சொல்றேன்ல... போச்சு. ஒரு நாய்க்கு மூணு தோட்டா!

— வெறும் நாயா மந்திரியாரே? பேய் நாய். டிவிய விட்டு வெளிய குதிக்கற மாதிரி உறுமுது பாரு.

— எந்த நாயா இருந்தா என்ன, அந்த மேசையச் சுத்தி ரெண்டு ஓட்டம் விட்டா அதுவே களைச்சுப் போயிடும். நேத்து வரைக்கும் அப்படித்தானே ஓடுனீங்க? இன்னிக்கு என்ன வந்துச்சு உங்க கைக்கு?

— அரிச்சுது. பட்டன் தானா அமுங்கிடுச்சு.

— அரிக்கும், அரிக்கும். தோட்டா என்ன மரத்துலயா காய்க்குது? இந்தப் பாழடைஞ்ச ஓட்டல் பூரா அலசினாலும் இன்னும் ஒரு கைப்பிடி தேறாது. என்னை நிதி மந்திரின்னு கூப்பிட்டா மட்டும் போதுமா, பேச்சையும் கேக்கணும்.

— கேக்கறேன், கேக்கறேன். தலகாணிய இன்னும் கொஞ்சம் உசத்தி வெக்கட்டுமா?

— வேணாம். தலகாணியத் தொடாதீங்க. இப்படியே டிவி நல்லாத் தெரியுது.

— சரி, தொடல.

— ஐயோ, கடிச்சிடுச்சு பாருங்க. டிவியில நம்ம பொண்ணு நொண்டுறா.

— அதுக்கென்ன, இந்தா பச்ச பாட்டில். குடிச்சா சரியாயிடும்.

— ஏங்க! இத்துனூண்டு கடிக்கு ஒரு முழு பாட்டில் மருந்தா? நொண்டிக்கிட்டே நடக்கட்டும். இருக்கட்டும், பின்னாடி உதவும்.

— குடிச்சிட்டா.

— குடிச்சே... கடவுளே. இந்த மனுஷன நம்பி ஒரு பொண்ண பேய் ஓட்டலுக்குள்ள அனுப்பி வெச்சிருக்காங்களே.

— அவளுக்கு வலிக்குதுல்ல.

— பொம்மைக்கு என்னங்க வலி?

— பொம்மையோ என்னவோ. பல்லக் கடிச்சிக்கிட்டு நடக்கறத என்னால பாக்க முடியல. விடு.

— நல்லாருக்கு நியாயம். நான் படுக்கையில சலிச்சுக் கிடக்கக் கூடாதுன்னு நம்ம மக வாங்கி அனுப்பின விளையாட்டு இது. கை நடுங்குதேன்னு உங்க கையில குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். முதல் நாளே கண்ணாடியில தெரிஞ்ச நிழலச் சுட்டவராச்சே நீங்க!

— இருட்டுல யாருன்னு தெரியல. திருடன்னு நெனச்சேன்.

— லிஃப்ட் கம்பெனி ஸ்டோர்ல நான் உக்காந்திருந்தப்பவும் இதே கதைதான். ஒரு லிஃப்ட் ரிப்பேருக்கு இருபது போல்ட் வேணும்னு வந்து நிப்பீங்க.

— நீ பன்னெண்டு குடுப்ப.

— பன்னெண்டு போதும்னு எனக்குத் தெரியும்.

— எனக்கும் தெரியும். மிச்சத்தக் கேக்கற சாக்குல இன்னொரு தடவ கீழ இறங்கி வந்து உன்னப் பாக்கலாமே, அதுக்குத்தான் இருபது.

— ஆமா, கல்யாணமானதுலேருந்து இதையே சொல்லிக்கிட்டிருங்க. வேலை மெனக்கெட்டு... ம்ம்...

— என்னம்மா?

— ஒண்ணுமில்ல. புரண்டு படுத்தேன்.

— நீ புரளவே இல்லையே.

— நீங்க ஏன் என்னைப் பாக்கறீங்க? டிவியப் பாருங்க.

— காலையில நர்ஸ் குடுத்த மாத்திரை போட்டியா?

— போட்டாச்சு, போட்டாச்சு.

— போட்டா தூக்கம் தூக்கமா வரும்னாங்க. நீ என்னடான்னா ஆந்தை மாதிரி முழிச்சிருக்க.

— எனக்கு எந்த மருந்து லேசுல கேட்டிருக்கு? அங்க கேளுங்க, மாடிப்படியில பூட்ஸ் சத்தம். பூதம் வருது.

— பூதம்னு சொல்லாத. மாமனார்னு மரியாதையாச் சொல்லு. நான் முதமுதல்ல உன் வீட்டுக்கு வந்த அன்னிக்கு உங்கப்பா இதே மாதிரிதான் இறங்கி வந்தாரு. தொம், தொம், தொம்.

— எங்கப்பாவ இழுக்காதீங்க, அவரு தங்கம். சீக்கிரம் அந்த அலமாரிக்குள்ள ஒளிஞ்சுக்கோங்க. பூதம் தாண்டிப் போனதும் பதுங்கி... ஏங்க, எங்க போறீங்க? அது இரும்புக் கதவு!

— ஆமா. கடைசிக் கதவு.

— நாலு நாளா இது முன்னாடி வந்து நிப்பீங்க, ‘அந்த ரூம்ல ஏதோ விட்டுட்டோம்’னு திரும்பிடுவீங்க. காலி ரூம எத்தன தடவதான் துழாவுனீங்க! இன்னிக்கு மட்டும் ஏன் கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டு ஓடுறீங்க?

— முடிவப் பாக்கணும், முடிவப் பாக்கணும்னு நீதானே சொல்லிக்கிட்டிருந்த.

— பாக்கணும்தான். இந்தப் பொண்ணு வெளிய வந்து வெயில்ல நிக்கறத உங்களோட உக்காந்து பாத்துட்டா போதும் எனக்கு. ஆனா இப்படி அரைகுறையாப் போனா எப்படி ஜெயிப்பா? பெட்டியில சேத்து வெச்சத எடுத்தீங்களா?

— எல்லாத்தயும் எடுத்துட்டேன்.

— எல்லாத்தயுமா? ஒண்ணு ரெண்டு விட்டு வைங்க.

— யாருக்கு?

— யாருக்கா... இருக்கட்டுமே, பின்னாடி உதவும்.

— இந்தக் கதவத் தாண்டினா பின்னாடிங்கறதே கிடையாதும்மா.

— மெழுகுவத்தியாவது ஏத்திட்டுப் போங்க. ஏத்தினாத்தான் இது வரைக்கும் ஆடினது பதிவாகி நிக்கும். இல்லேன்னா, அவ செத்தா மறுபடி கீழ்த்தளத்துலேருந்து வரணும்.

— மெழுகுவத்தி இல்ல. நாலு நாளா வெட்டியாச் சுத்தினப்ப ஒவ்வொண்ணா ஏத்தித் தீத்துட்டேன்.

— அப்படி ஏன் சுத்தணும்?

— முடிஞ்சிட்டா, அப்புறம் சாயந்தரத்துல நாம என்ன பண்றதுன்னு ஒரு பயம்.

— அத அப்புறம் பாத்துக்கலாம். தொறங்க.

— சரி, கதவத் தொறந்துட்டேன். சொல்லு மந்திரியாரே. எங்க நிக்கணும்?

— தூணுக்குப் பின்னாடி. மாமனாரும் உள்ள வந்துட்டாரு பாருங்க. சுடாதீங்க, பக்கத்துல வரட்டும். வரட்டும்... இப்ப! முகத்துல!

— பட்டுச்சா?

— பட்டுச்சு. இடது பக்கம் ஓடுங்க. இடதுங்க, அது வலது!

— இந்த லிஃப்ட்டுக்குள்ள நுழைஞ்சிடவா?

— அது ஓடாது.

— நானா இருந்தா அரை மணியில ஓட வெச்சிருப்பேன்.

— இருபது போல்ட் கேட்டு வந்து நின்னிருப்பீங்க. குனிங்க! ஐயோ, பலமான அடி. பாட்டிலக் குடிங்க.

— நீயா சொல்ற?

— நான்தான் சொல்றேன், குடிங்க, செத்துடப் போறா! எத்தன தோட்டா இருக்கு?

— ஒண்ணு.

— பதறாதீங்க. குனிஞ்சிருக்காரு. நிமிரும்போதுதான். இருங்க... இருங்க... இப்ப.

— சுட்டுட்டேன்.

— விழுந்துட்டாரு! ஏங்க, விழுந்துட்டாரு!

— பாரு, நம்ம பொண்ணு வெளிய வந்துட்டா.

— வெயிலு. மரமெல்லாம் இருக்கு. பறவை கத்துது, கேக்குதா? பாவம், அந்த இருட்டுக்குள்ளயே எத்தன நாள் அலைஞ்சா.

— அழுவுறியா?

— சந்தோஷம்ங்க. ஒரு தோட்டா மிச்சமில்ல, ஒரு பாட்டில் மிச்சமில்ல. என் சர்வீஸ்ல ஸ்டோர இப்படித் துடைச்சு வெச்சதே இல்ல நான். ஆனா ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு ஏன் இப்படி வாரி இறைச்சீங்க?

— இன்னிக்கே முடியணும்னுதான்.

— அதான் ஏன்?

— காலையில நர்ஸ் உன்னைக் குளிக்கக் கூட்டிக்கிட்டுப் போனாங்கல்ல. அப்ப தலகாணியத் தட்டிப் போட்டேன். உறைக்குள்ள என்னமோ கையில உறுத்துச்சு.

— எடுத்துட்டீங்களா?

— இருந்த மாதிரியே வெச்சிட்டேன். ஒண்ணையும் எடுக்கல.

— திட்டாதீங்க.

— திட்டல. எங்கிட்ட ‘போட்டாச்சு, போட்டாச்சு’ன்னு சொல்லிட்டு, வலி மாத்திரைய எல்லாம் அங்க சேத்து வெச்சிருக்கியே...

— போட்டா கண்ணு சொருகிடுதுங்க. டிவி பொம்மை ரெண்டு ரெண்டாத் தெரியுது, அப்படியே தூங்கிடுறேன். நீங்க பாட்டுக்குத் தனியா உக்காந்து ஆடிக்கிட்டிருப்பீங்க. முடிவ மட்டும் முழிச்சிருந்து பாத்துட்டு, அப்புறம் போட்டுக்கலாம்னு இருந்தேன். ஒரு நாள், ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்னு நெனச்சேன்.

— நான்தான் முடிய விடல. கதவு வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினேன். நான் அங்க காலி ரூமத் துழாவிக்கிட்டிருக்கேன், நீ இங்க பல்லக் கடிச்சிக்கிட்டுக் கிடந்திருக்க.

— உங்களுக்குத் தெரியாதே.

— தெரிஞ்சிருக்கணும். பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு அந்த பொம்மை நொண்டுறதத்தானே பாத்தேன்.

— விடுங்க. பாத்தாச்சுல்ல, எனக்கு அது போதும். இப்ப வலி கூட அவ்வளவா இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிருக்கலாம். மாத்திரை இருக்கட்டுமே, பின்னாடி...

— பின்னாடி, பின்னாடின்னு இத்தன வருஷமா நீ எடுத்து வெச்சியே, அது வந்தாச்சும்மா. இந்தா தண்ணி, ஒண்ணு போட்டுக்கோ. ஸ்டோரத் தொற.