ஐந்து மணிக்குள் வந்த பை

சனிக்கிழமை என்றால் பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அதனால்தான் அன்று மோட்டார் சைக்கிளில் போனேன், இன்ஸ்பெக்டர். அதில் திட்டம் எதுவும் இல்லை. நான் நின்றுகொண்டே பேசலாமா? ஜனகா போன பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. சாப்பிடும்போதுகூட எழுந்து நடக்கிறேன்.

எங்கள் வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம் நாட்டவர்களுக்கு ஓட்டுச்சீட்டு தபாலில் போகிறது. பலருக்கு அது தேர்தல் நெருங்கிய பிறகுதான் கையில் கிடைக்கும். திரும்பத் தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது. வாக்களிப்பு நாள் மாலை ஐந்து மணிக்குள் தொகுதி அதிகாரியின் கைக்கு வர வேண்டும். பிந்தினால் எண்ண மாட்டார்கள். ஆகவே மெல்பர்னிலும் லண்டனிலும் இருப்பவர்கள் விமான நிலையத்துக்கே போய், ஊர் திரும்பும் யாரோ ஒரு பயணியிடம் உறைகளைக் கொடுத்துவிடுவார்கள். முன்பின் தெரியாத அந்த ஆள் தன் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவருவார். நாங்கள் வாங்கி, அமுதவள்ளி அக்காவின் டியூஷன் வகுப்பில் தொகுதிவாரியாகப் பிரித்து, மோட்டாரில் கொண்டுபோய்ச் சேர்ப்போம்.

இந்தக் குழுவைத் தொடங்கியவள் என் மனைவி ஜனகா. மெல்பர்னில் படித்தபோது அவள் போட்ட முதல் ஓட்டு பிந்தி வந்து குப்பைக்குப் போனது. அந்தக் கோபம் அவளுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

ஒவ்வொரு பைக்கும் இரண்டு மோட்டார் போகும். முன்னால் போவதற்கு ஏதாவது ஆனால், பின்னால் வருவது பையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதுவும் அவள் வகுத்த முறைதான்.

போன தேர்தலில் கிள்ளான் தொகுதிப் பையை ஜனகா எடுத்துப் போனாள். எங்கள் குழுவின் லோகன் துணை மோட்டார். ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று உள்ள தனிப் பாதையில், மழையில், ஒரு வளைவில் அவள் வழுக்கி விழுந்தாள். லோகன் நிறுத்தினான். பையை எடுத்தான். போனான். ஐந்து மணிக்குள் கொடுத்தும்விட்டான்.

"அவ உழைப்பு வீணா போகல தம்பி, எல்லா ஓட்டையும் எண்ணிட்டாங்க," என்று அமுதவள்ளி அக்கா சாவு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நன்றி என்றேன். பிறகு ஒரு கூட்டத்தில் லோகனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் கை தட்டினேன்.

லோகன் மீது எனக்குக் கோபம் கிடையாது. அவன் நல்ல பையன். வாரம் தவறாமல் வீட்டுக்கு வருவான், மனைவி உஷாராணி கட்டிக் கொடுத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு.

"சாப்பிடுங்க அண்ணே. நீங்க மிச்சம் வெச்சா உஷா என்னைத்தான் ஏசுவா லா. இப்போ வயித்துல இருக்கறதும் சேர்ந்து ஏசுது."

நான் சாப்பிடுவேன். அவன் சிரிப்பான். ஒரு தடவை தானாகவே சொன்னான்: "அக்காவே பையை எடுத்துட்டுப் போன்னுதான் சொல்லியிருப்பாங்க." சொன்னாங்க என்று சொல்லவில்லை, சொல்லியிருப்பாங்க என்றான். அதன் பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும் என்று இருந்தது. விழுந்தது உஷாவாக இருந்தால் என்ன செய்திருப்பான்? வாயால் கேட்டால் வரும் பதிலை எப்படி நம்புவது?

இந்தத் தேர்தலில் லோகனுக்குத் துணை மோட்டாராக நான் போகிறேன் என்றேன். அமுதவள்ளி அக்கா கண் கலங்கினார். உஷா பிரிக்பீல்ட்ஸில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். வாசலுக்கு வந்து, "ரெண்டு பேரும் மெதுவா போங்க," என்று கையசைத்தாள்.

பாதி வழியில் மழை பிடித்தது. மழைச்சட்டை போடுவதற்காக லோகன் ஒரு பாலத்தின் கீழே ஒதுங்கினான். நான் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு அவனை ஃபோனில் அழைத்தேன். அவன் முதுகு எனக்குத் தெரிந்தது.

"லோகன், உஷா குளியலறையில விழுந்துட்டாளாம். ரத்தம் போகுதாம்."

"அண்ணே, என்ன அண்ணே சொல்றீங்க?" பிறகு, "பை?" என்றான்.

அவன் அப்படிக் கேட்டதும் அவனை ஏறக்குறைய மன்னித்துவிட்டேன்.

"நீங்க பின்னாலதானே வரீங்க? பையை வந்து எடுத்துக்குங்க."

"நான் ரொம்பப் பின்னால இருக்கேன், இன்னும் பிஜே பக்கமே தாண்டல. டயர் பஞ்சர். நீதான் முடிவு பண்ணணும்."

அவன் அதிகம் யோசிக்கவில்லை. மோட்டார் பாதை ஒருவழிப் பாதை. வெளியேற நெடுந்தூரம் போக வேண்டும். அவன் வண்டியை அங்கேயே திருப்பி, எதிர்த்திசையில் விரட்டினான். திரும்பத் தெரிந்திருக்கிறது அவனுக்கு. எதிரே இரண்டு மோட்டார்கள் வந்தன. விலகப் பார்த்துப் பாலத்துச் சுவரில் மோதினான். அவர்கள் நிற்கவில்லை. நல்ல மழை.

நான் அவனிடம் போனேன். என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, "உஷா..." என்றான்.

"உஷா நல்லா இருக்கா. ஒண்ணும் ஆகல," என்றேன். அது உண்மை. அவன் முகம் தெளிந்தது. ஜனகாவுக்கு அப்படி ஒரு வார்த்தை சொல்ல யாரும் இருக்கவில்லை. அந்த வகையில் நான் லோகனை விட நன்றாகவே நடந்துகொண்டேன்.

பை நனையவில்லை. அவன் விரல்களை விடுவித்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். ஐந்து அடிக்கவில்லை. அதிகாரி உறைகளை வாங்கிக்கொண்டு, "நல்ல வேளை," என்றார். எல்லாம் எண்ணப்பட்டன. ஜனகா தொடங்கியதைக் கணவர் முடித்துவைத்தார் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்கள். உஷா மட்டும்தான், "அவரு எதுக்குத் திரும்பினாரு?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவனுக்குக் கடைசியாக வந்த அழைப்பு யாருடையது என்று அவள் பார்ப்பாள் என்று தெரியும். பார்க்கட்டும் என்றுதான் இருந்தேன்.

அவன் சாக வேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவன் திரும்ப வேண்டும் என்றுதான் நினைத்தேன். மற்றபடி அவன் செய்ததைத்தான் நானும் செய்தேன். அவனுக்குப் பொன்னாடை போட்டார்கள், என்னை இங்கே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

ஆம்புலன்ஸா? இல்லை, நான் கூப்பிடவில்லை. அந்தப் பாலத்தின் கீழே வேறு யாரும் இல்லை என்பதும் சரிதான். ஜனகாவுக்கு லோகன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். கூப்பிட்டு, வருகிறது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் பையைத் தொட்டான். அது எனக்கு முதலிலிருந்தே தெரியும்.