எறும்பு அண்டாத தொட்டில்

காய்கறித் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பு, ஏழாம் வீட்டில் வசிப்பவளும், பூச்சிமருந்து அடிப்பவரின் மனைவியும், காய் பறிக்கும் வேலை செய்பவளுமான சுமார் 27 வயதுள்ள நான் விசாரணையில் கூறியதாவது:

வந்ததுமே ஒரு விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். முதலிலிருந்து வரிசையாகச் சொல்லும்படி அய்யா சொன்னதால் அப்படியே சொல்கிறேன்.

என் கணவர் மூன்று வருடங்களாக மருந்து டேங்கை முதுகில் சுமந்து அடித்து வருகிறார். டேங்க் உறுத்தாமலிருக்க ஒரு நீளத் துணியை மடித்து முதுகில் கட்டிக்கொள்வார். டேங்க் கசிந்து துணி ஊறிவிடும். அதன்பிறகு அவர் முதுகும் தோளும் கறுத்து, வெடித்து, செதில் செதிலாக உரிய ஆரம்பித்தன. மேஸ்திரி அதை வேர்க்குரு என்றார். வேர்க்குரு மூன்று வருடமாகவா இருக்கும் என்று நான் கேட்டதற்கு, எனக்கு வாய் நீளம் என்றார். அந்தத் துணிகளைத் துவைத்துத் துவைத்து என் விரல்களிலும் தோல் போய்விட்டது.

கடந்த மாதம் வீட்டில் சர்க்கரை கொட்டி எறும்பு வரிசை வந்தது. துவைத்து வைத்திருந்த அவருடைய பழைய முதுகுத் துணிகளுக்கு ஒரு முழம் முன்பே வரிசை வளைந்து, சுற்றிக்கொண்டு போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதன்பிறகு அதில் ஒரு துணியை எடுத்து என் எட்டு மாதப் பெண் குழந்தைக்குத் தொட்டில் கட்டினேன். ஈ, கொசு எதுவும் கிட்டே வரவில்லை. குழந்தை அழுவதும் குறைந்துவிட்டது. கண்ணைத் திறந்தபடியே அசையாமல் கிடக்கும். "உம்பொண்ணு தங்கம்டி, இருக்கிற இடமே தெரியல" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இன்று காலை குழந்தையைத் தூக்கியபோது முதுகுத் தோல் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. குழந்தை அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதன்பிறகு தொட்டில் துணியோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மேஸ்திரி அங்கே வந்து, "வீட்ல மருந்து பாட்டில் இருந்துச்சு, பிள்ளை வாயில வச்சிருச்சுன்னு சொல்லிடு" என்றார். வீட்டில் பாட்டில் எதுவும் கிடையாது. துணியைப் பார்த்த டாக்டரம்மா, விஷம் தோல் வழியாக இறங்கியிருக்கிறது என்றார். குழந்தைக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. அங்கிருந்து போலீஸ்காரர்கள் என்னை நேராக இங்கே ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார்கள்.

வந்ததும் சொல்ல நினைத்தது இதுதான். பழைய துணிகள் மொத்தம் நான்கு இருந்தன. ஆசைப்பட்டுக் கேட்டவர்களுக்கு மற்ற மூன்றையும் கொடுத்துவிட்டேன். இரண்டாம் வீடு, ஐந்தாம் வீடு, பக்கத்து எட்டாம் வீடு. மூன்றும் தொட்டிலாகத்தான் தொங்குகின்றன. இப்போது மணி மூன்று. பிள்ளைகளைத் தூங்கப் போடும் நேரம்.

நான் சொன்னது அத்தனையும் உண்மை. வாசித்துக் காட்ட வேண்டாம் அய்யா, முதலில் அங்கே ஆள் அனுப்புங்கள்.

(பெருவிரல் பதிவு. இரண்டு கையிலும் ரேகை விழவில்லை.)